தண்டல் கடைசியில் வருவார்

முத்துநகர்ப் பெருமக்களே! வணிகர்களே, கடலோடிகளே, பஸ்ஸுக்கு வெயிலில் நிற்பவர்களே! இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு நடக்கவிருக்கும் ஆகப் பெரிய நிகழ்ச்சி இதோ நெருங்கிவிட்டது. படை நடத்திய தளபதி, மலை மாநிலம் ஆண்ட மாண்புமிகு ஆளுநர், கடல் கடந்து பாரதத்தின் கொடியை உயர்த்திய தூதர், ஒன்பது கடலோடிகளைச் சிறைமீட்ட செம்மல், லெப்டினன்ட் ஜெனரல் ஜெர்சன் தேவதாசன் (ஓய்வு) அவர்கள் ஞாயிறு மாலை நம்மிடையே எழுந்தருள்கிறார்கள். வரலாறு சரியாக ஆறு மணிக்குத் தொடங்கும். முந்திரி மக்ரூன் வழங்கப்படும்.

இவ்வளவும் ஒரே ஃபிளெக்ஸில் இருந்தது. பழைய துறைமுகத்துக்குத் திரும்புகிற முனையில், ஒரு வேப்பமரத்தையும் ஒரு மின்கம்பத்தையும் கட்டாயப்படுத்தி அதைத் தூக்க வைத்திருந்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எமில்டா ஸ்கூட்டியை ஓரங்கட்டினாள். ‘தளபதி’யைத் தாண்டினாள், ‘மாண்புமிகு’வைத் தாண்டினாள், ‘ஒன்பது’க்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

கீழே படம். நடுவில் ஜெனரல், சிறைக்கதவைத் தானே உடைத்துவிட்டு வந்தவர்போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவருக்கு இருபக்கமும் எட்டுப் பேர், கசங்கிய சட்டையும் முள்ளுத்தாடியுமாக. பின்வரிசையில் மட்டும் ஒன்பதாவதாக ஒருவன் தலை எல்லாரையும்விடப் பெரிசாக, எண்ணெய் தேய்த்து வகிடெடுத்து, கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கோட்டில் ரோஜாப்பூ வேறு. சிறையிலிருந்து கோட்டும் ரோஜாவுமாக வெளியே வந்த முதல் தோணிக்காரன் அவனாகத்தான் இருப்பான்.

அவன் டெரன்ஸ். எமில்டாவின் புருஷன். அந்தத் தலை அவர்களுடைய கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது.

எமில்டா ஃபிளெக்ஸைக் கிழிக்கவில்லை. கை எட்டவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

டெரன்ஸ் தண்டல். தோணியை நடத்திப் போகிறவனுக்கு இந்தக் கரையில் அதுதான் பெயர். ஃபிராங்க்ளின் அண்ணாச்சியின் ‘சலேத் மாதா’ தோணியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு தெற்கே ஒரு தீவு நாட்டுக்குப் போனான். போன வருஷம் அங்கே சரக்கை இறக்கியபோது வெங்காயத்துக்கு அடியில் சாராய பாட்டில்கள் இருந்தன. அந்த நாட்டில் வெங்காயம் குற்றமில்லை, பாட்டில் குற்றம். பாட்டில்களை ஏற்றச் சொன்னவர் ஃபிராங்க்ளின். இது தோணிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், போலீஸுக்கு மட்டும் தெரியாது. “தோணியில உள்ளதுக்கெல்லாம் தண்டல்தான் பொறுப்பு, பயலுவளுக்கு ஒண்ணுந் தெரியாது” என்று டெரன்ஸ் சொல்லிவிட்டான். அவனோடு சேர்த்து ஒன்பது பேரையும் உள்ளே போட்டார்கள். விசாரித்த நீதிபதி, டெரன்ஸ் சொன்னது நியாயம்தான் என்று எட்டுப் பேரைக் கொஞ்ச நாளில் விட்டுவிட்டார். இதில் ஜெனரலின் பங்கு என்ன என்று கேட்டால், அன்றைக்கு அவர் அந்த நாட்டில் நம்முடைய தூதராக இருந்தார். சிறைவாசலுக்குக் காரில் வந்தார். கூடவே போட்டோகிராபர் வந்தான்.

அந்தக் காட்சியை எமில்டாவுக்குச் சொன்னவர் பிச்சையா. தோணியில் சமையல் பார்க்கிறவர், அந்த எட்டுப் பேரில் மூத்தவர்.

“காரை விட்டு எறங்குனாரும்மா. எல்லாத்துக்கும் கை குடுத்தாரு. ‘ஆல் பிரசென்ட்? எல்லாரும் வந்தாச்சா?’ன்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னிய?”

“தண்டல் கடைசில வருவாருங்கய்யான்னு சொன்னேன்.”

“அதுக்கு அவரு?”

“‘வெரி குட்’டுன்னாரு. போட்டா எடுத்தாவ. கார்ல ஏறிட்டாரு.”

“ஏன் அப்படிச் சொன்னிய? உள்ள புடிச்சு வச்சிருக்கான்னு சொல்றதுக்கு என்ன?”

“தண்டல விட்டுட்டு வந்துட்டோம்னு எப்படிம்மா வாயால சொல்ல? நாக்கு அழுகிராதா?”

அது அப்படித்தான். தோணி கரை சேர்ந்தாலும் சரி, கடலில் மூழ்கினாலும் சரி, தண்டல் கடைசியில்தான் இறங்க வேண்டும். அவன் பின்னால் நிற்கிறான் என்றால் வருகிறான் என்று அர்த்தம். வரவில்லை என்ற சொல்லை எந்தத் தோணிக்காரனும் தன் தண்டலைப் பற்றிச் சொல்லமாட்டான். சொன்னால் அது பலித்துவிடும். தண்டல் கடலோடு போய் வருஷம் கழிந்தபின்னும் “கடைசில வருவாரு” என்றே சொல்லிக்கொண்டிருந்த ஆட்கள் உண்டு. பிச்சையா மரியாதைக்குச் சொன்னார். ஜெனரல் வசதிக்கு எடுத்துக்கொண்டார். ‘அனைத்துக் கடலோடிகளும் விடுதலை’ என்று அன்று மாலையே டெல்லிக்குத் தகவல் போய்விட்டது.

தகவல் போனது என்றால் முடிந்தது. எமில்டா தூதரகத்துக்கு போன் போட்டாள். இனிமையான ஒரு குரல் சொன்னது: “எங்க ரெக்கார்டுபடி எல்லாரும் ரிலீஸ் ஆயிட்டாங்க மேடம். உங்க ஹஸ்பெண்ட் வீட்டுக்கு வரலைன்னா, லோக்கல் ஸ்டேஷன்ல ஆள் காணோம்னு கம்ப்ளெய்ண்ட் குடுங்க.” ஆள் எங்கே இருக்கிறான் என்று அறை எண்ணோடு தெரிந்தவளைத்தான் காணவில்லை என்று புகார் கொடுக்கச் சொன்னது அந்தக் குரல்.

டெரன்ஸ் எப்போதாவது சிறையிலிருந்து பேசுவான். “ஜட்ஜு நல்ல மனுசன்ளா. ஒங்க நாட்டுக்காரங்க ஒரு வார்த்த கேக்கட்டும், அனுப்பிடுதேங்காரு. நம்ம ஆளுவ, அப்படி ஒருத்தன் இங்கன இல்லவே இல்லங்கானுவ. ஜட்ஜு என்னையப் பாக்காரு, நான் ஜட்ஜப் பாக்கேன்.”

ஒரு வார்த்தை. ‘ஒரு ஆள் பாக்கி.’ அவ்வளவுதான் வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் ஒன்பது பேரை மீட்ட செம்மல். சொன்னால் எட்டுப் பேரை மீட்ட செம்மலாகிவிடுவார். ஜெனரல் பதவி முடிந்து ஊர் திரும்பிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த தூதரோ, முன்னவர் எழுதிவைத்ததை வேதம்போல மதிக்கிறவர்.

எமில்டா வேலை பார்ப்பது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில். கப்பலில் வந்த சரக்கில் ஒரு மூட்டை குறைந்தால் அங்கே பூகம்பம். ஷார்ட் லேண்டிங் என்று தாள்கள் பறக்கும், நாலு ஆபீஸிலிருந்து ஆள் வருவார்கள், மூட்டை கிடைக்கும்வரை ஒருத்தன் தூங்கமுடியாது. அன்று முழுக்க அவளால் கம்ப்யூட்டரில் ஒன்பது என்ற எண்ணைத் தட்டமுடியவில்லை. தட்டும்போதெல்லாம் கீபோர்டு உடைகிற மாதிரி சத்தம் கேட்கிறது என்று மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் ஃபிராங்க்ளின் வீட்டுக்கு வந்தார். தோணி முதலாளி மட்டுமல்ல, முத்துநகர்ப் பெருமக்கள் பேரவையின் நிறுவனர், தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்.

“ஏளா எமில்டா, ஒனக்கு மேடையில சேர் போட்டிருக்கேன்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“பொன்னாட போத்தத்தான். ஒம்பது குடும்பத்துக்கும் சேத்து நீதான். தண்டல் வீட்டம்மால்லா!”

“தண்டல் எங்கன?”

“வருவாம்ளா. எங்க போயிரப்போறான்?”

“ஃபிளெக்ஸுல வந்துட்டாரே. கோட்டு போட்டுக்கிட்டு.”

“அது டிசைன் போட்ட பய செஞ்ச வேல. ஒம்பதுன்னு சொன்னேன், எட்டு மூஞ்சிதான் இருந்திச்சு. அவன் என்ன செய்வான்? வாட்ஸப்புல கெடந்தத எடுத்து ஒட்டிட்டான்.”

“அந்தப் போட்டாவுல பக்கத்துல நான் நின்னேம்லா. என்னைய வெட்டி எங்க போட்டான்?”

ஃபிராங்க்ளின் சிரிக்கப் பார்த்தார்.

“வெங்காயத்துக்கு அடியில இருந்ததயும் டிசைன்ல போடச் சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி. ஓரத்துல. சின்னதா.”

சிரிப்பு நின்றது. ஃபிராங்க்ளின் கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அடுப்படிப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. கோவம் எல்லாத்துக்கும் உண்டு. கோவத்த வச்சு என்ன செய்ய, கொழம்பா வைக்க? அவரு ஒரு போன் போட்டா டெல்லி எந்திரிச்சி நிக்கும். மனுசன் குளுந்த நேரமாப் பாத்து நீ ஒரு வார்த்த கேளு. நானும் சொல்லுதேன். ஆனா மேடையில வந்து எடக்குப் பண்ணிராத.”

மனிதர் கெட்டவர் என்பதால் அவர் சொன்ன வழி கெட்டதாகிவிடாது. எமில்டாவுக்கு இதைத் தவிர வேறு வழி இருக்கவும் இல்லை. வருகிறேன் என்றாள். கோபத்தைச் சேலை முந்தானையில் முடிந்துவைப்பதுபோல முடிந்துவைத்தாள். முடிச்சு பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரலாறு ஆறு மணிக்குத் தொடங்கவில்லை. ஜெனரல் ஏழேகாலுக்கு வந்தார். வெள்ளைக் கோட்டு, நெஞ்சில் பாதியை மறைத்துப் பதக்கங்கள். கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. தோணிக்காரர்களை லாரி வைத்து அழைத்துவந்து பின்வரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். முன்வரிசையில் சோபாக்கள், சோபாக்களில் பெருமக்கள்.

ஃபிராங்க்ளின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். சாத்தான்குளம் பக்கத்தில் தலைமையாசிரியர் வீட்டில் பிறந்தது; குழந்தையாக இருந்தபோதே உருண்டு விழாமல் அணிவகுத்துத் தவழ்ந்தது; பட்டாளத்தில் சேர்ந்தது; பனிமலையில் எதிரியோடு சண்டை நடந்தபோது வீரர்களின் கால்களைக் காத்தது.

“கம்பளிக் காலுறைக்கு இவருதாம்வே பொறுப்பு” என்றார் கடைசி வரிசையில் மாடக்கண்ணு. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து இப்போது ஒரு ஏடிஎம் வாசலில் காவல் இருக்கிறார். “வந்து சேந்துச்சு. நல்ல சாமான். பனி உருகுன பெறகு வந்திச்சு.”

“ஒமக்குக் கெடச்சிச்சா?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

“கெடச்சிச்சு. மாட்டுததுக்கு வெரலுதான் ரெண்டு கொறஞ்சு போச்சு.”

அடுத்து ஆளுநர் காலம். மலை மாநிலத்தில் வெள்ளம் வந்தபோது மாண்புமிகு ஆளுநர் ஹெலிகாப்டரில் பறந்து பார்வையிட்டார். கூரைமேல் நின்ற மக்கள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். ஆளுநரும் பதிலுக்குக் கை ஆட்டினார். ‘அத்தனை துயரிலும் அம்மக்கள் என்னை வாழ்த்தி வழியனுப்பிய காட்சியை மறக்கவே முடியாது’ என்று அவரே எழுதியிருக்கிறார் என ஃபிராங்க்ளின் தழுதழுத்தார். முன்வரிசை கைதட்டியது.

எமில்டா மேடை ஓரத்து நாற்காலியில் இருந்து இதைக் கேட்டாள். கூரைமேல் நின்றவர்களை அவளுக்குத் தெரியாது. ஆனால் சொந்தக்காரர்கள்போல இருந்தார்கள். அவளும் ஒரு வருஷமாகக் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

கடைசியாகத் தூதர் காலம். “ஒன்பது உயிர்கள்! ஒன்பது குடும்பங்கள்!” என்று ஃபிராங்க்ளின் கூவினார். “அந்த ஒன்பது குடும்பங்களின் சார்பில் நன்றிப் பொன்னாடை அணிவிக்கிறார், தண்டல் டெரன்ஸ் அவர்களின் துணைவியார்!”

எமில்டா எழுந்தாள். யாரோ கையில் பொன்னாடையைத் திணித்தார்கள். ஜெனரல் கழுத்தைக் குனிந்து காட்டினார். மாலைக்கும் ஆடைக்கும் குனிந்து குனிந்து பழகிய கழுத்து. அவள் போர்த்தவில்லை.

“ஐயா, ஒரே ஒரு வார்த்த சொல்லணும் நீங்க.”

“சொல்லும்மா, மை டியர் சிஸ்டர்.”

மைக் இருவருக்கும் நடுவில் இருந்தது.

“எட்டுப் பேருதான் வந்தாவ. எங்க வீட்டு ஆளு இன்னும் அங்கன உள்ளதான் இருக்காவ. ஒரு ஆளு பாக்கின்னு நீங்க இந்த மைக்குல சொன்னாப் போதும். நீங்க சொன்னாத்தான் டெல்லியில கேப்பாவ. அவுக கேட்டாத்தான் ஜட்ஜு விடுவாரு. உங்க பேர யாரும் கொறச்சுச் சொல்லமாட்டாவ ஐயா. எட்டும் பெரிய நம்பர்தான்.”

ஃபிராங்க்ளின் முகம் இஞ்சி கடித்தாற்போல ஆனது. ஜெனரலின் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. முகத்தில் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய மூன்று உத்தியோகங்களும். மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

“மை டியர் பீப்பிள்! இந்தத் தாயின் உணர்ச்சியைப் பாருங்கள். அன்றைக்குச் சிறைவாசலில் ஒரு ஏழை மாலுமி என்னிடம் சொன்னார், ‘தண்டல் கடைசியில் வருவார்’ என்று. என் கண் கலங்கியது. நாற்பது வருட சர்வீஸில் அதைவிடப் பெரிய லீடர்ஷிப் லெசன் நான் கேட்டதில்லை. தலைவன் என்பவன் யார்? கடைசியில் இறங்குபவன்! அதுதான் நம் பண்பாடு! அதுதான் நம் வீரம்!”

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. சோபாக்கள் முனகின.

எமில்டாவின் முடிச்சு அவிழ்ந்தது. அவள் கத்தவில்லை. மைக்கைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“கேட்டியளா எல்லாரும்? தலைவரு கடைசிலதான் எறங்குவாராம். ஐயாவே சொல்லிட்டாவ. ரொம்பச் சரி. அப்ப மேடையில உள்ளவங்க எல்லாரும் எறங்குங்க. அண்ணாச்சி, நீங்களும்தான். ஐயா மட்டும் இருக்கட்டும். எங்க தண்டல் வந்து எறங்குனதுக்குப் பெறகு ஐயா எறங்கட்டும். அதுவரைக்கும் நானும் இங்கனதான் இருப்பேன். மக்ரூன் இருக்குல்லா, தின்னுக்கிடுதோம்.”

சொல்லிவிட்டு மேடைப் படியின் உச்சியில், வழியை மறித்து, பொன்னாடையை விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பின்வரிசையில் முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிச்சையா எழுந்து நின்றார். சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார், தோணிக்காரன் சொல்லக்கூடாததை:

“எட்டுப் பேருதான்யா வந்தோம். தண்டல விட்டுட்டு வந்துட்டோம்.”

மற்ற ஏழு பேரும் எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தோணிக்காரர் கூட்டம் மொத்தமும் எழுந்தது. “எட்டுன்னு சொல்லும்யா!” என்று ஒரு குரல் கேட்டது. “சொல்லும்!” என்றது மண்டபம். மாடக்கண்ணு நாற்காலிமேல் ஏறி நின்று சல்யூட் அடித்துக்கொண்டே “சொல்லும் சார்!” என்று அலறினார். பட்டாளத்தில் சொல்லமுடியாமல் போனதையெல்லாம் சேர்த்துச் சொன்னார்.

எமில்டா திரும்பி ஜெனரலைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் அவர் சொல்லிவிடுவார் என்றே அவளுக்குத் தோன்றியது. உதடு அசைந்தது. ‘எ’ வரைக்கும் வந்தது.

அப்புறம் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடைக்குப் பின்னால், மணப்பெண் அறைக்குப் போகிற இன்னொரு படி இருந்தது. படை நடத்தியவருக்குப் பின்வழி தெரியாமல் இருக்குமா? மேடையில் இருந்த அத்தனை பேரிலும் முதலில் இறங்கியவர் அவர்தான். பின்னாலேயே ஃபிராங்க்ளின், ஜெனரலுக்கென்று தனியாகக் கட்டிவைத்திருந்த மக்ரூன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கார் போகிற சத்தம் கேட்டது. யாரோ மைக்கை அணைத்தார்கள்.

தோணிக்காரர்கள் அன்றைக்கு எமில்டாவை வீட்டுவரை கொண்டுவந்து விட்டார்கள். ஊரே பார்த்துவிட்டது, இனி மறைக்கமுடியாது என்று பேசிக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். படித்த பெண்தான், ஆனாலும் கோபம் வந்தால் மனுஷருக்குக் கொஞ்சம் நம்பிக்கையும் வந்துவிடுகிறது.

மறுநாள் காலைப் பேப்பரில் படம் வந்தது. படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைக்கிற எமில்டா. ‘மீட்பருக்கு நன்றி: தண்டலின் மனைவி ஆனந்தக் கண்ணீர்.’ செய்தி உபயம், முத்துநகர்ப் பெருமக்கள் பேரவை.

எமில்டா பேப்பரோடு மனு வாங்குகிற ஓர் ஆபீஸுக்குப் போனாள். அங்கே லிங்கராஜ் என்கிற கிளார்க் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். அதே பேப்பர் அவர் மேசையிலும் இருந்தது.

“வாங்கம்மா, வாங்க. சந்தோசம். ஆள் வந்தாச்சுல்லா.”

“வரல அண்ணாச்சி. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“பேப்பர்லயே போட்டிருக்கே?”

“பேப்பர்ல வந்தாரு. வீட்டுக்கு வரல.”

லிங்கராஜ் மனுவைப் படித்தார். தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை. மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். “ரிலீஸ் ஆனவரை ரிலீஸ் பண்ணச் சொல்லி நான் எப்படிம்மா மேல அனுப்புவேன்? கேள்வி வருமே.”

“அண்ணாச்சி, எங்க ஆபீஸுல ஒரு மூட்ட கொறஞ்சா நாலு ஆபீஸு எந்திரிச்சி ஓடுது. ஒரு ஆளு கொறஞ்சதுக்கு ஒருத்தரும் எந்திரிக்க மாட்டியளா?”

“மூட்டைக்கு ஓனர் இருப்பாரும்மா. கேப்பாரு.”

“நான் கேக்கேன்லா!”

“கேக்கிய. இல்லைங்கல. ஆனா மூட்டைக்கு எங்கயும் பாராட்டு விழா நடக்கலைலா.” மனுவை வாங்கி, மற்ற மனுக்களுக்கு அடியில் வைத்தார். “நடந்திருந்தா அதுவும் வந்து சேந்த கணக்குதான்.”

ஆனால் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. மண்டபத்தில் நடந்ததை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள்; அது ஊர் ஊராகச் சுற்றி டெல்லிவரை போனது. டெல்லி அதிர்ந்தது. அயல்நாட்டுச் சிறைகளில் வாடும் கடலோடிகளை மீட்க உடனடியாக ஓர் உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. இந்தத் துறையில் முன் அனுபவம் உள்ள ஒருவர் தலைவராக இருக்கவேண்டும் என்று தேடிப்பார்த்ததில் லெப்டினன்ட் ஜெனரல் ஜெர்சன் தேவதாசன் (ஓய்வு) கிடைத்தார். கடலோர மக்களின் பிரதிநிதியாக ஃபிராங்க்ளின் சேர்க்கப்பட்டார். குழு முதல் கூட்டத்தில் தலைவருக்கு நன்றி தெரிவித்தது. இரண்டாவது கூட்டத்தில், அந்தத் தீவு நாட்டில் மீட்கப்பட வேண்டிய கடலோடி எவரும் இல்லை என்று திருப்தியுடன் பதிவு செய்தது. வேப்பமரத்திலும் மின்கம்பத்திலும் புது ஃபிளெக்ஸ் கட்டினார்கள். டிசைன் போட்ட பையன் வேலையை மிச்சப்படுத்திக்கொண்டு பழைய படத்தையே போட்டிருந்தான், கோட்டும் ரோஜாவுமாக.

டெரன்ஸ் இன்னும் சிறையில்தான் இருக்கிறான்.